மழைக்காட்டைத் தமிழில் காட்ட ஒருவர் வேண்டும்

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

கடந்த ஆவணி விடுமுறையில் எமது பாடசாலையின் உயர்தர உயிரியல் பிரிவு மாணவர்கள் 22 பேரை, தென்மேற்கு இலங்கையிலுள்ள மழைக்காடான சிங்கராஜ வனத்துக்கு அழைத்துச் சென்று திரும்பிய ஆசிரியை நான். அங்கே எமக்கு நேர்ந்த ஒரு குறையையும், அதைத் தீர்க்க எனக்குப் படும் வழியையும் தங்கள் பத்திரிகை வாயிலாகப் பலரும் அறியச் சொல்ல விரும்புகிறேன்.

ஐப்பசி, கார்த்திகையில் பெய்யும் மழையை நம்பி ஆண்டு முழுவதும் கிணற்று நீரில் வாழும் எமது பிள்ளைகளுக்கு, ஆண்டொன்றுக்கு 3,000 மில்லிமீற்றருக்கு மேல் மழை பெறும் காடு எப்படியிருக்கும் என்பதைப் பாடப்புத்தகத்தைக் கொண்டு விளக்கிவிட முடியாது. 1988 ஆம் ஆண்டில் யுனெஸ்கோவின் உலக மரபுரிமைப் பட்டியலில் இடம்பெற்ற அந்த வனத்தைப் பிள்ளைகள் ஒருமுறையாவது கண்ணால் காணவேண்டும் என்பதற்காகவே, பெற்றோர் சிரமப்பட்டுச் சேர்த்துத் தந்த பணத்தில் இரவு முழுவதும் பஸ்ஸில் பயணம் செய்து, கலவான, வெத்தாகல வழியாகச் சென்று, அங்கிருந்து ஜீப்பில் குடாவ நுழைவாயிலை அடைந்தோம். வழிகாட்டி ஒருவர் இல்லாமல் எவரும் உள்ளே செல்ல முடியாது. அது நல்ல விதி. தமிழ் பேசும் வழிகாட்டி ஒருவரை ஒழுங்கு செய்து தருவதாகப் பயண ஏற்பாட்டாளர் இரு மாதங்களுக்கு முன்பே எமக்கு உறுதியளித்திருந்தார். வந்தவருக்குச் சிங்களமும் சிறிதளவு ஆங்கிலமுமே தெரிந்திருந்தன.

அந்த வழிகாட்டியிடம் நான் ஒரு குறையும் காணவில்லை என்பதை முதலிலேயே சொல்லிவிட வேண்டும். காட்டோரக் கிராமத்தில் பிறந்து வளர்ந்த அவர், நாங்கள் வெறும் இலையென்று கடந்துபோன இடத்தில் ஓர் ஓணானைக் காட்டினார். தூரத்தில் கேட்ட ஒரு சிறு ஒலியிலிருந்தே எந்தப் பறவை எந்த மரத்தில் இருக்கிறது என்று அறிந்தார். எமது பிள்ளைகளின் காலில் ஏறிய அட்டைகளைத் தகப்பனைப் போல் குனிந்து தட்டிவிட்டார். இத்தனை அறிவும் கனிவும் உள்ள ஒருவர் ஐந்து மணி நேரம் எம்முடன் நடந்தும், அவர் சொன்னவற்றில் பாதிகூடப் பிள்ளைகளைச் சென்றடையவில்லை என்பதே என் கவலை.

ஒற்றையடிப் பாதையின் ஓரமாக, இடுப்பளவு உயரத்தில் சாய்ந்திருந்த கிளையொன்றைப் பிடித்துக்கொண்டு சேற்றைத் தாண்ட எமது மாணவி ஒருத்தி கையை நீட்டினாள். “நங்கி, அல்லன்ன எப்பா” என்று வழிகாட்டி தாழ்ந்த குரலில் சொன்னார். தொடவேண்டாம் என்பது பொருள். பாடசாலையில் இரண்டாம் மொழியாகச் சிங்களம் படித்திருந்தும், அந்தக் கணத்தில் அவளுக்கு அது விளங்கவில்லை. கை நீண்டுகொண்டே போனது. அவர் பாய்ந்து அவள் மணிக்கட்டைப் பற்றி இழுத்த பின்னரே, அந்தக் கிளையில் கறுப்புக் கோடுகள் ஓடிய பச்சை உடலைச் சுருட்டி, முக்கோணத் தலையை அதன்மேல் வைத்தபடி அசையாமல் கிடந்த குழிவிரியன் பாம்பை நாங்கள் கண்டோம். அதற்கும் அவள் விரல்களுக்கும் இடையில் ஒரு சாண் இடைவெளியே இருந்தது. எமது வைத்தியசாலைகளில் வழங்கப்படும் விஷமுறி மருந்து நாகம், புடையன், கட்டுவிரியன், சுருட்டை விரியன் ஆகிய நான்கின் நஞ்சுக்கு எதிராகத் தயாரிக்கப்படுவது என்பதையும், குழிவிரியனின் நஞ்சை அது முறிக்காது என்பதையும் உயிரியல் ஆசிரியையாகிய நான் அறிந்திருந்ததால், அன்று இரவு எனக்கு உறக்கம் வரவில்லை.

ஆபத்து ஒருபுறமிருக்க, இழந்த அறிவு அதைவிடப் பெரிது. புதருக்குள் தாழ்வாக உட்கார்ந்திருந்த, ஒரு சாண் உயரம்கூட இல்லாத செம்பழுப்பு நிற ஆந்தையொன்றைக் காட்டி, அவர் ஐந்து நிமிடம் ஆர்வத்துடன் பேசினார். ஆங்கிலத்தில் எமக்குக் கிடைத்ததோ “புதியது, இரண்டாயிரத்து ஒன்று” என்பது மட்டுமே. வீடு திரும்பிப் படித்த பின்னரே, முதலில் குரலால் மட்டும் அறியப்பட்டிருந்த அந்த ஆந்தையைப் பறவையியலாளர் தீபால் வரகாகொட 2001 இல் நேரில் கண்டறிந்தார் என்பதும், 2004 இல் அது புதிய இனமாக அறிவியல் உலகுக்கு அறிவிக்கப்பட்டது என்பதும், 1868 இற்குப் பின்னர் இலங்கையில் கண்டறியப்பட்ட முதலாவது புதிய பறவையினம் அதுவே என்பதும் எனக்குத் தெரியவந்தன. அந்த ஆந்தையின் முன்னால் நின்றபடியே பிள்ளைகள் இதைக் கேட்டிருக்க வேண்டும்.

பல இனப் பறவைகள் ஒன்றாகச் சேர்ந்து இரை தேடிச் செல்லும் கூட்டங்களுக்குச் சிங்கராஜ வனம் பெயர்பெற்றது; பேராசிரியர் சரத் கொட்டகமவும் அவரது மாணவர்களும் 1980களிலிருந்து அவற்றை ஆராய்ந்து வந்துள்ளனர். அப்படியொரு கூட்டம் எமது தலைக்கு மேலாகக் கடந்தபோது, முன்னே சென்ற செம்மஞ்சள் அலகுப் பறவைகளைச் சுட்டி வழிகாட்டி சிங்களப் பெயரொன்றைச் சொன்னார். பிள்ளைகள் விழித்தனர். அவை எமது வளவுகளில் வேலியோரம் கூட்டமாகக் கத்தித் திரியும் புலுனிகளின் உறவினம் என்று நான் சொன்னதும், “ரீச்சர், புலுனியோ இவ்வளவு பேரையும் கூட்டிக்கொண்டு போகுது?” என்று ஒருவன் வியந்து கேட்டான். அந்த ஒரு சொல்லால் முழுக் கூட்டமும் அவனுக்குப் புரிந்துவிட்டது. புலுனியுடன் செல்லும் இரட்டைவால் குருவி மற்றப் பறவைகளின் குரலைப் பாவனை செய்யும் விதத்தை அதன்பின் அவனே கவனித்துச் சொன்னான்.

கொடியொன்றின் பழைய வெட்டுவாயைக் காட்டி அவர் “வெனிவெல்” என்றபோதும் இதுவே நடந்தது. உள்ளே தெரிந்த மஞ்சள் நிறத்தைக் கண்டுதான் நானே அடையாளம் கண்டேன்: காய்ச்சலுக்கு அம்மம்மா மல்லியும் வேர்க்கொம்பும் சேர்த்து அவித்துத் தரும் மரமஞ்சள் அது. கடையில் காய்ந்த துண்டாக மட்டுமே கண்டிருந்த மரமஞ்சள் உயிருடன் மரமேறி நிற்பதைப் பார்த்த பிள்ளைகள் அந்த இடத்தைவிட்டு நகர மனமின்றி நின்றனர். தமிழில் பெயர் இல்லாத காடல்ல அது. பெயரைச் சொல்ல ஒருவர் இல்லை, அவ்வளவுதான்.

அரசியலமைப்பின் 1987 ஆம் ஆண்டு 13 ஆவது திருத்தம் தமிழையும் அரச கரும மொழியாக்கியது. வழிகாட்டிகளைப் பயிற்றும்போதும் அது நினைவில் கொள்ளப்பட வேண்டும் என்று கேட்பது மிகையாகாது. இரத்தினபுரி மாவட்டத் தோட்டங்களில் பிறந்து, சிங்களத்தையும் தமிழையும் ஒரே சரளத்துடன் பேசும் இளைஞர், யுவதிகள் பலர் உள்ளனர். அவர்களில் சிலரையாவது தெரிவுசெய்து பயிற்சியளித்தால், வடக்கு, கிழக்கு, மலையகத்திலிருந்து செல்லும் பாடசாலைகளுக்கு வழிகாட்டிகள் கிடைப்பார்கள், அவர்களுக்கும் தம் ஊரிலேயே ஒரு தொழில் அமையும். யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தின் விலங்கியல், தாவரவியல் துறையினர் அக்காட்டின் பறவை, பாம்பு, மரம், கொடி ஆகியவற்றின் வழக்குப் பெயர்களைத் தொகுத்து ஒரு சிறு கைநூலாக்கித் தந்தால் அது பேருதவியாகும். இதேபோல், 2015 இல் தேசிய பூங்காவாக்கப்பட்ட சுண்டிக்குளத்துக்குப் பூநாரை பார்க்கத் தெற்கிலிருந்து வருவோருக்கு அவர்களது மொழியில் விளக்க எமது இளைஞர்களும் முன்வர வேண்டும் என்பதையும் இங்கே சேர்த்துச் சொல்கிறேன்.

எதிர்வரும் சித்திரை விடுமுறையில் அடுத்த வகுப்பு மாணவர்களுடன் மீண்டும் சிங்கராஜ வனம் செல்ல எண்ணியுள்ளோம். தமிழ் பேசும் வழிகாட்டி எவரையேனும் அறிந்த வாசகர்கள் இப்பத்திரிகையின் கடிதப் பகுதிக்கே எழுதித் தெரிவித்தால் நன்றியுடையவளாவேன். அன்று கையை நீட்டிய மாணவியின் குறிப்பேட்டில் “பெயர் தெரியாது” என்று எழுதப்பட்ட ஏழு வரிகள் இன்னமும் உள்ளன. அவற்றில் மூன்றுக்கு மட்டுமே இதுவரை எம்மால் பெயர் தேட முடிந்திருக்கிறது.

இங்ஙனம்,
உயிரியல் ஆசிரியை ஒருவர்,
கோண்டாவில், யாழ்ப்பாணம்.