பள்ளிக்கரணைச் செயல்திட்டம்: ஒன்பதாம் வகுப்புப் பெற்றோர் கவனத்திற்கு

அன்புள்ள பெற்றோருக்கு,

வணக்கம். பள்ளிக்கரணைச் சதுப்பு நிலத்தைச் சுற்றிக் கட்டடங்கள் பெருகிய விதத்தை ஒன்பதாம் வகுப்பு மாணவர்கள் இந்தப் பருவத்தில் செயற்கைக்கோள் படங்களைக் கொண்டு அளக்கப் போகிறார்கள். உலக முக்கியத்துவம் வாய்ந்த ஈரநிலங்களைக் கொண்ட ராம்சர் பட்டியலில் 2022-ல் சேர்ந்த இடம் இது. பரப்பு ஏறத்தாழ 1,248 ஹெக்டேர்.

1990-களின் தொடக்கம், 2005, இந்த ஆண்டு என மூன்று லேண்ட்சாட் (அமெரிக்காவின் நிலக் கண்காணிப்புச் செயற்கைக்கோள் வரிசை) படங்கள் எடுக்கிறோம், இலவசமாகவே கிடைக்கின்றன. படத்தின் ஒரு புள்ளி 30 மீட்டருக்கு 30 மீட்டர், கிட்டத்தட்ட நான்கு கிரவுண்டு. ஆயிரம் புள்ளி மாறியிருந்தால் 90 ஹெக்டேர். தனி வீடு இதில் தெரியாது. ஆகவே பட்டா எல்லைத் தகராறுக்கு யாரும் இந்தப் படத்தை எடுத்துக்கொண்டு போக வேண்டாம்!

மூன்றும் பிப்ரவரி, மார்ச் மாதப் படங்களாக இருக்க வேண்டும். ஐப்பசி, கார்த்திகையில் மேகம் மறைக்கும். மழை முடிந்த கையோடு எடுத்ததையும் கோடையில் எடுத்ததையும் ஒப்பிட்டால், வற்றிய தண்ணீரெல்லாம் தூர்த்த ஏரியாகக் கணக்கில் ஏறிவிடும். 2005-க்கு லேண்ட்சாட் 5 படமே வேண்டும். 2003 மே இறுதியில் லேண்ட்சாட் 7-இன் கருவி ஒன்று பழுதானதால் அதன் படங்களில் வரிவரியாக வெற்றிடம் விழும்.

வீட்டில் பயிற்சி செய்யும்போது பிள்ளைகள் அதிகம் தடுமாறுவது அலைவரிசை எண்ணில்தான். செயற்கைக்கோள் ஒவ்வொரு வகை ஒளியையும் தனித்தனி எண்ணிட்ட அலைவரிசையாகப் பதிவு செய்யும்; அவற்றில் மூன்றைச் சேர்த்தே வண்ணப்படம் ஆக்குகிறோம். இந்த எண்கள் எல்லாச் செயற்கைக்கோளிலும் ஒன்றல்ல. லேண்ட்சாட் 5-க்கு 4-3-2 கொடுத்தால் செடிகொடிகள் சிவப்பாகத் தெரியும். லேண்ட்சாட் 8, 9-க்கு அதையே கொடுத்தால் சாதாரண வண்ணப்படம்தான் வரும், அவற்றுக்கு 5-4-3.

படத்தின் புள்ளிகளைத் தண்ணீர், செடிகொடி, கட்டடம் எனக் கணினி தானாகப் பிரித்துத் தரும் வகைப்பாட்டையும் அப்படியே நம்ப முடியாது. காய்ந்த ஏரிப்படுகையைக் கான்கிரீட் என்று சொல்லும்; ஆகாயத்தாமரை மூடிய தண்ணீரைப் புல்வெளி என்று சொல்லும். அதனால் ஒவ்வொரு படத்திலும் 50 இடங்களைச் சரிபார்க்கிறோம். 43-க்குக் குறைவாகச் சரியாக இருந்தால், வகைப்பாட்டை முதலிலிருந்து செய்ய வேண்டும்.

இன்றைய படத்தை நேரில் போய்ப் பார்த்துவிடலாம். 1990-களின் படத்துக்கு அந்த வழியில்லை. அங்கேதான் உங்கள் உதவி தேவை. வேளச்சேரி, பெருங்குடி, மேடவாக்கம் பக்கம் அன்று குடியிருந்த தாத்தா பாட்டி வீட்டில் இருந்தால், பிள்ளைகள் கொண்டுவரும் தாளில் குறித்த இடம் அப்போது வயலா, தண்ணீரா, பொட்டலா, வீடா என்று கேட்டு எழுதி அனுப்புங்கள். ஞாபகமில்லை என்றால் அந்தக் கட்டத்தைக் காலியாக விடுங்கள். ஊகித்து எழுதினால் கணக்கே கெட்டுவிடும்.

களப் பார்வைக்கு ஆசிரியர்களே அழைத்துப் போவார்கள். சதுப்புக் கரைக்குப் பிள்ளைகளைத் தனியே அனுப்ப வேண்டாம்.

இப்படிக்கு,
தலைமையாசிரியர்