எத்தனை மணி நேரம் ஓடுச்சுன்னு கேளுங்க

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

போன ஞாயித்துக்கிழமை உங்க அறிவியல் பக்கத்துல, கார்பன் டை ஆக்சைடை கரன்ட் வச்சு, பிளாஸ்டிக் செய்யற மூலப்பொருளான எத்திலீனா மாத்துறாங்கன்னு வந்த கட்டுரையைப் படிச்சேன், ரொம்ப சந்தோஷமா இருந்துச்சு, ஆனா ஒரு விஷயம் உறுத்திக்கிட்டே இருக்கு. எத்தனை பர்சன்ட் எத்திலீன் வந்துச்சுன்னு போட்டீங்க, அந்த செல், அதாவது கரன்ட் விட்டு வாயுவை மாத்துற கலம், எத்தனை மணி நேரம் ஓடுச்சுன்னு ஒரு வரி கூட இல்ல. நான் 26 வருஷமா அம்பத்தூர்ல முலாம் பூசுற பட்டறையில இருக்கேன். முதல் பீஸ் பளபளன்னு எல்லாருக்கும் வரும், சாயங்காலம் வரைக்கும் அதே மாதிரி வருதாங்கிறதுலதான் எங்க பொழப்பே இருக்கு.

இந்த ஆராய்ச்சியோட கதையும் அதேதான். ஜப்பான்ல சிபா பல்கலைக்கழகத்துல யோஷியோ ஹோரி 1985, 86லயே, செம்புத் தகட்டுல கரன்ட் விட்டா இந்த வாயு மீத்தேனா எத்திலீனா மாறுதுன்னு காட்டிட்டார். வேற எந்த உலோகமும் இதை சொல்லிக்கிற அளவுக்கு செய்யல. ஆனா கொஞ்ச நேரத்துல செம்பு டல்லாகி, எத்திலீன் குறைஞ்சு வெறும் ஹைட்ரஜனா வர ஆரம்பிச்சிடும். கரைசல்ல துளியூண்டு இருக்குற இரும்பும் துத்தநாகமும் செம்பு மேல போய் படியறது இதுக்கு ஒரு காரணம். நாங்க பாத்ல (முலாம் பூசுற தொட்டிக் கரைசல்ல) அழுக்கு உலோகம் சேந்துட்டா டம்மி ஷீட்டை, அதாவது ஒரு வேஸ்ட் தகட்டைத் தொங்கவிட்டு கம்மி கரன்ட்ல ஓட்டி, அழுக்கை அதுல படிய வச்சு சுத்தம் பண்ணுவோம்ல, ஹோரியும் கிட்டத்தட்ட அதையேதான் பண்ணியிருக்கார், படிச்சப்போ எனக்கு சிலிர்த்துடுச்சு.

இன்னொரு வழிதான் பல்ஸ். கரன்ட்டை ஒரே மாதிரி விடாம, கொஞ்ச நேரம் ஏத்தி, கொஞ்ச நேரம் இறக்கி, சில சமயம் திருப்பியே விடுறது. எங்களுக்கு இது பழகின வேலை. காப்பர் சயனைடு பாத்துல கரன்ட்டை நேராவே விட்டுக்கிட்டிருந்தா ஓரத்துல பருக்கை பருக்கையா ஏறும், அதனால சில விநாடி நேரா விட்டு கொஞ்சம் திருப்பி விடுவோம், திருப்புறப்போ மேடா நிக்குற இடம்தான் முதல்ல கரையும். ஆம்ப் மீட்டர் முள்ளு அந்தப் பக்கம் சாஞ்சு மறுபடி இந்தப் பக்கம் வர்றதைப் பாத்துக்கிட்டேதான் நான் தொழில் கத்துக்கிட்டேன்.

கார்பன் டை ஆக்சைடு செல்லுல பிரச்சனை கொஞ்சம் வேற. கரன்ட் ஓட ஓட தகட்டுப் பக்கத்துல காரம் (ஆல்கலி) ஏறுது, வர்ற வாயுவை அந்தக் காரம் புடிச்சு கார்பனேட்டா ஆக்கிடுது, அது கரைசல்ல இருக்குற பொட்டாசியத்தோட சேந்து உப்பா பூத்து, வாயு வர்ற நுண்ணிய ஓட்டையை எல்லாம் அடைச்சிடுது, போர் தண்ணி குழாய் வாய்ல வெள்ளையா பூத்து அடைக்குமே அப்படித்தான். டொரன்டோ பல்கலைக்கழகத்துல 2021ல என்ன பண்ணாங்கன்னா, உப்பு பூக்குற அளவுக்குப் போறதுக்கு முன்னாடியே வோல்டேஜை கொஞ்ச நேரம் இறக்குனாங்க, அந்த இடைவெளியில கார்பனேட், செல்லை ரெண்டாப் பிரிக்கிற சவ்வு வழியா அடுத்த பக்கம் போயிடுது, திரும்ப ஏத்துனாங்க, இப்படியே மாத்தி மாத்தி. மொத்தம் 236 மணி நேரம், அதுல வேலை நடந்தது 157 மணி நேரம், எத்திலீன் மாதிரி ரெண்டு கார்பன் உள்ள பொருள்கள் 80 சதவீதத்துல நின்னுருக்கு, கூடுதலா செலவான மின்சாரம் 1 சதவீதம் கூட இல்ல. கட்டுரையில வந்திருக்க வேண்டிய நம்பர் இதுங்க.

பெர்லின்ல ஃப்ரிட்ஸ் ஹேபர் நிறுவனத்துல பியாட்ரிஸ் ரோல்டான் குயென்யா குழு, செம்பை நடுநடுவுல லேசா ஆக்சிஜன் ஏற விட்டு மறுபடி இறக்குறாங்க, அதுல எத்தனால் கூடுது. அதாவது பல்ஸ் சுத்தம் மட்டும் பண்ணல, என்ன பொருள் வரணுங்கிறதையே மாத்துது.

அதுக்காக பல்ஸ் எல்லாத்தையும் சரி பண்ணிடும்னு நான் சொல்லல. இந்த மாதிரி செல்லுல கார்பன் டை ஆக்சைடு 8 மூலக்கூறு உள்ள போனா கணக்குப்படி 2தான் எத்திலீனுக்குப் போகும், மிச்சம் 6 கார்பனேட்டா அந்தப் பக்கம் போயிடும், பல்ஸ் விட்டாலும் அது தீராது. ஓய்வு நேரத்துல உற்பத்தியும் இல்ல, அப்போ அதே சரக்கை எடுக்க செல் பெருசா வேணும். பெரிய செல்லுன்னா ஆயிரக்கணக்குல ஆம்பியர், அதை வேகமா ஏத்தி இறக்குற ரெக்டிஃபையர் (ஏசி கரன்ட்டை டிசியா மாத்திக் குடுக்குற மெஷின்) என்ன விலைன்னு எங்களைக் கேட்டா தெரியும். அந்த மின்சாரம் நிலக்கரியில இருந்து வந்தா, கார்பன் டை ஆக்சைடைக் குறைக்கிறதை விட கூட்டுறதாத்தான் ஆகும்.

காரைக்குடியில அழகப்ப செட்டியார் 300 ஏக்கரும் 15 லட்ச ரூபாயும் குடுத்து, 1948ல நேரு அடிக்கல் நாட்டுன மத்திய மின்வேதியியல் ஆய்வகம் இருக்கு. வெளிநாட்டு செய்தியை மொழிபெயர்த்துப் போடுறதுக்கு முன்னாடி அங்க ஒரு போன் போட்டு, இது எத்தனை மணி நேரம் ஓடும், எதனால நிக்கும், கரன்ட் எவ்வளவு தின்னும்னு கேட்டு அதையும் சேத்துப் போடுங்க சார். எங்க பட்டறையில வேலை பாக்குற ஐடிஐ பசங்க உங்க பக்கத்தை வெட்டி ரெக்டிஃபையர் பக்கத்து சுவத்துல ஒட்டி வச்சிருக்காங்க.

இப்படிக்கு,
முலாம் பூசும் தொழிலாளி, அம்பத்தூர், சென்னை