தாதியரின் ஆங்கிலப் பரீட்சையும் வகுப்புக்காரரின் கணக்கும்

ஆசிரியர் அவர்களுக்கு,

வெள்ளவத்தையில் காலி வீதியோரம் 'நான்கிலும் 7 நிச்சயம்' என்ற ஐ.ஈ.எல்.ரி.எஸ். (IELTS) ஆங்கிலப் பரீட்சை வகுப்பு விளம்பரங்களுக்குக் குறைவில்லை. கேட்டல், வாசிப்பு, எழுத்து, பேச்சு என்ற நான்கு பகுதிகளுக்கும் தனித்தனியே 9 வரை புள்ளி தருகிற பரீட்சை அது. பிரித்தானியா போக முயலும் தாதியர் பலரும் இந்த வாசல்களைத்தான் மிதிக்கிறார்கள்.

என் அக்காவின் மகள் எழுத்தில் 6.5, மற்ற மூன்றிலும் 7 எடுத்தாள். 'போதாது, திரும்ப எழுது' என்று வகுப்பில் சொல்ல, மறுபடியும் பணம் கட்டினாள். அங்கே வேலைசெய்யத் தாதியரைப் பதிவுசெய்யும் பிரித்தானியத் தாதியர், மருத்துவிச்சியர் பேரவை கேட்பதே அவ்வளவுதான்! எழுத்துக்கு 6.5 போதும் என்பது 2018இலேயே வந்த மாற்றம். ஒரே தடவையில் வராவிட்டாலும், 12 மாதங்களுக்குள் எழுதிய இரண்டு பெறுபேறுகளைச் சேர்த்துக் காட்டலாம். ஆனால் இரண்டிலும் எழுத்து 6க்கும் மற்றவை 6.5க்கும் கீழே இறங்கக்கூடாது.

பேரவை ஏற்கும் இன்னொரு ஆங்கிலப் பரீட்சையான, மருத்துவத் துறையினருக்கான ஓ.ஈ.ரி. (OET) பற்றி வகுப்பில் யாரும் வாய் திறக்கவில்லை. அதில் ஐ.ஈ.எல்.ரி.எஸ். போல வரைபடத்தை விவரிக்கத் தேவையில்லை. நோயாளியின் குறிப்புகளைப் பார்த்து, அவரை அடுத்துப் பொறுப்பேற்பவருக்குக் கடிதம் எழுத வேண்டும். பேச்சுப் பகுதியில் நோயாளியாக நடிப்பவரோடு உரையாடல். வார்ட்டில் தினமும் செய்கிற வேலைதானே. (அதற்குக் கட்டணம் அதிகம் என்பதும் உண்மை.)

பரீட்சையே வேண்டாம் என்று சொல்லவில்லை. மருந்தின் அளவைப் பிழையாகக் கேட்டால் உயிர் போகும். ஆனால் பெறுபேறு இரண்டு வருடங்களுக்குத்தான் செல்லுபடியாகும்; தேவையில்லாமல் திரும்ப எழுதி அந்தக் காலத்தை வீணாக்கக்கூடாது. வகுப்பில் சேருமுன் பேரவையின் இணையத்தளத்தைத் தாதியர் தாங்களே வாசிக்கட்டும். வகுப்பு நடத்துவோரும் விளம்பரத்தில் எழுத்துக்கு 6.5 என்று அச்சிடட்டும்.

தாதி ஒருவரின் சித்தி,
கொழும்பு 6