வாசகர் வட்டம், கடலூர்: செயலாளரின் ஆண்டறிக்கை 2024–25

தலைவர் அவர்களுக்கும், உறுப்பினர்கள், பெற்றோர், பிள்ளைகள் அனைவருக்கும் வணக்கம்.

மாதக் கூட்டங்களும் புத்தகத் திரட்டலும் வழக்கம்போல் நடந்தன. வரவு செலவைப் பொருளாளர் படிப்பார். நான் பேச வந்தது, ஞாயிறுதோறும் 8, 9-ஆம் வகுப்புப் பிள்ளைகளுக்கு நடத்திய செய்தி வகுப்பைப் பற்றி.

ஜூனில் தொடங்கியபோது வாட்ஸ்அப்பில் வரும் பொய்களாகவே எடுத்துக் காட்டினோம். 2018-இல் பிள்ளை பிடிக்கிறவர்கள் என்ற வதந்தியை நம்பி, போளூர் அருகே குலதெய்வக் கோயிலுக்கு வந்த மூதாட்டியை அடித்தே கொன்றதைச் சொன்னபோது வகுப்பில் சத்தமே இல்லை. பிள்ளைகள் வேகமாகப் பிடித்துக்கொண்டார்கள். நம் ஊர் வெள்ளம் என்று வந்த ஒரு வீடியோவைப் போட்டதும், "சார், எல்லா வண்டியும் கேஎல் நம்பர், கேரளா வண்டி. நம்ம கடலூர் டிஎன் 31 ஒண்ணு கூட இல்லையே" என்றான் ஒரு பையன். அன்று எனக்கு அவ்வளவு சந்தோஷம்.

அப்புறம் நவம்பர் 30 அன்று ஃபெஞ்சல் புயல் புதுச்சேரி அருகே கரை கடந்தது. அடுத்து சாத்தனூர் அணை நீர் தென்பெண்ணையில் வந்தது. ஆற்றோரம் குடியிருக்கும் நம் மாணவி ஒருத்தி, எச்சரிக்கைச் செய்தியைப் பார்த்துவிட்டு, "இதுவும் ஃபார்வர்டுதான், நம்பாதீங்க" என்று வீட்டில் சொல்லியிருக்கிறாள். கடைசி நேரத்தில் சித்தப்பா வந்து எல்லோரையும் கூட்டிப்போனார். பாடப் புத்தகமும் ரேஷன் கார்டும் தண்ணீரோடு போயின. அவள் அம்மா எங்களை ஒரு வார்த்தை சொல்லவில்லை. ஆனால் தவறு எங்களுடையது. சந்தேகப்படக் கற்றுக்கொடுத்தோம், எதை நம்பலாம் என்று கற்றுக்கொடுக்கவில்லை.

ஜனவரி முதல் பாடத்தை மாற்றினோம். துறைமுகத்துக்குக் கூட்டிப்போய், எச்சரிக்கைக்காக அங்கே எண் சொல்லி ஏற்றும் புயல் கூண்டைப் பற்றிச் சொல்லிக்கொடுத்தோம். கடலுக்குப் போய் வந்த மூத்த உறுப்பினர் ஒருவர்தான் அன்று ஆசிரியர். 1 என்றால் தூரத்தில் புயல் உருவாகக்கூடும், 10 என்றால் பெரும் அபாயம், 11 என்றால் வானிலை மையத்தோடு தொடர்பே அறுந்துவிட்டது என்று அவர் சொல்லச் சொல்லப் பிள்ளைகள் எழுதிக்கொண்டார்கள். வானிலை மையத்தின் அறிக்கையில் தேதியையும் நேரத்தையும் முதலில் பார்ப்பது, மாவட்டக் கட்டுப்பாட்டு அறைக்கு 1077-இல் கேட்பது, இவையும் இப்போது பாடம். உண்மை, பொய் என்ற இரண்டோடு "இன்னும் தெரியவில்லை" என்ற மூன்றாவதையும் சேர்த்தோம். தெரியாத செய்தி உயிர் சம்பந்தப்பட்டதாக இருந்தால், முதலில் மேட்டுக்குப் போய்விட வேண்டும். சரிபார்ப்பதை அங்கே உட்கார்ந்து செய்யலாம். அந்த மாணவி ஒரு வாரம்கூட வகுப்புக்கு வராமல் இருக்கவில்லை.

வரும் ஆண்டில் தாத்தா பாட்டிகளுக்கும் வகுப்பு வேண்டும். குடும்பக் குரூப்பில் எல்லோர் முன்னாலும் "தாத்தா, இது 2015 படம்" என்று எழுதினால் அவர் மனம் நோகும், அடுத்த முறை படிக்கவே மாட்டார். பக்கத்தில் உட்கார்ந்து காட்ட ஆள் வேண்டும். ஞாயிறு காலை 2 மணி நேரம் ஒதுக்க முடிந்தவர்கள், குறிப்பாக ஆற்றோரத் தெருக்களில் இருப்பவர்கள், கூட்டம் முடிந்ததும் என்னிடம் பெயர் கொடுங்கள்.

செயலாளர்