சத்தமில்லாமல் தப்பும் கணக்கு: ஏஐ மாதிரிகளைப் பயிற்றுவிக்கும் நிறுவனங்களுக்கு ஒரு திறந்த மடல்

வணக்கம்.

1.1-இன் 53-ஆம் அடுக்கை முழு எண்ணாக்கினால் 156 வர வேண்டும். ஃபேஸ்புக் சர்வர் ஒன்றில் ஒரே ஒரு கோர் (செயலிக்குள் கணக்குப் போடும் ஒரு பகுதி) மட்டும் 0 என்று சொன்னது. மற்ற பல கணக்குகளை அதே கோர் சரியாகப் போட்டது. கோப்பின் அளவு பூச்சியம் என்று வந்ததால் சில கோப்புகள் எழுதப்படாமலே போயின. எச்சரிக்கை எதுவும் வரவில்லை, இயந்திரமும் நிற்கவில்லை. 2021-இல் அந்த நிறுவனமே இதை வெளியில் சொன்னது. அந்த நேர்மைக்கு நன்றி.

கோப்பு தொலைந்தால் யாராவது தேடுவார்கள். மாதிரிப் பயிற்சியில் தேட ஆளில்லை. பயிற்சிக் கணக்கைப் பல ஜிபியு சில்லுகள் பங்கிட்டுப் போடுகின்றன. ஒரு ஜிபியு தப்பாகப் போட்ட கிரேடியன்ட் (மாதிரியின் எண்களை எவ்வளவு திருத்துவது என்று சொல்லும் கணக்கு), மற்றவற்றோடு சேர்ந்து சராசரியாகி எல்லா ஜிபியுவுக்கும் போய்விடுகிறது. விடை எண்ணே இல்லாத குப்பையாக வந்தால் உடனே தெரியும். கொஞ்சம் மட்டும் விலகி வந்தால்? மாதிரி எவ்வளவு தவறுகிறது என்று காட்டும் லாஸ் வரைபடம் அசையாமலே இருக்கலாம். நினைவகத்தைக் காக்கும் இசிசி என்ற பிழைதிருத்தும் ஏற்பாடு, கணக்குப் போடும் சுற்றிலேயே நடக்கும் பிழையைப் பார்ப்பதில்லை.

மெட்டா நிறுவனம் லாமா 3-இன் 405 பில்லியன் அளவுருக்கள் கொண்ட மாதிரியை 16,384 ஜிபியுக்களில் பயிற்றுவித்தபோது, 54 நாட்களில் எதிர்பாராத தடங்கல்கள் 419. அவற்றில் 6 இப்படிச் சத்தமில்லாமல் வந்த கணக்குப் பிழைகள். கூகுளின் ஜெமினி மாதிரிக் குழு, ஓரிரு வாரத்துக்கு ஒருமுறை இது வரும் என்றே 2023-இல் எழுதியது. இவையெல்லாம் பிடிபட்டவை. பிடிபடாதவைதான் என்னை உறுத்துகின்றன.

பிடிக்க வழி இருக்கிறது. பேரேட்டில் அடிக்கூட்டும் பக்கக்கூட்டும் போட்டு ஒத்துப் பார்ப்போமே, அதையே, பயிற்சியில் ஓயாமல் நடக்கும் அணிப் பெருக்கலுக்கு, ஹுவாங், ஆபிரகாம் என்ற ஆய்வாளர்கள் 1984-இலேயே செய்து காட்டினார்கள். பெரிய அணிகளில் கூடுதல் வேலை சொற்பம். தசமங்களைச் சுருக்கும்போது வரும் இயல்பான விலகலையும் உண்மைப் பிழையையும் பிரிப்பதுதான் கடினம், அதை ஒப்புக்கொள்கிறேன். சரி, அது முடியாத இடத்தில், சந்தேகப்பட்ட பயிற்சிப் படியை வேறு சில்லில் மறுபடி ஓட்டி பிட் பிட்டாக ஒப்பிடலாம். ஜெமினி குழு அப்படித்தான் பழுதான சில்லுகளைக் கண்டுபிடித்தது.

நான் கேட்பது ஒன்றுதான். நீங்கள் வெளியிடும் ஒவ்வொரு மாதிரியின் அறிக்கையிலும் எழுதுங்கள்: இந்த வகைப் பிழை எத்தனை வந்தது, எப்படிப் பிடித்தீர்கள், எந்தப் பயிற்சிப் படிக்குத் திரும்பிப் போய்த் தொடர்ந்தீர்கள். தேடவே இல்லை என்றால் அதையும் எழுதுங்கள்.

அன்புடன்,
ஒரு மென்பொருள் பொறியாளர்