திருப்பயணச் சங்கம்: செயலாளரின் ஆண்டறிக்கை, 2024–2025

பங்குத்தந்தை அவர்களுக்கும், தலைவர், பொருளாளர், சங்க உறுப்பினர்கள் அனைவருக்கும் வணக்கம்.

மாதக் கூட்டங்கள் வழக்கம்போல இரண்டாம் ஞாயிறு காலைத் திருப்பலிக்குப் பிறகு நடந்தன. ஆகஸ்ட் 29 கொடியேற்றத்துக்குப் பெசன்ட் நகர் வேளாங்கண்ணி மாதா கோவிலுக்கு நடைப்பயணம் போனோம். பிப்ரவரி 11 லூர்து அன்னை திருநாளுக்குப் பெரம்பூர் திருத்தலத்துக்கு உறுப்பினர்கள் வேன் வைத்துப் போய்வந்தார்கள். வரவு செலவைப் பொருளாளர் தனியே வாசிப்பார். எனவே இந்த அறிக்கையின் பெரும்பகுதி, போர்ச்சுகலில் உள்ள பாத்திமா, பிரான்சில் உள்ள லூர்து ஆகிய மாதா திருத்தலங்களுக்குச் செப்டம்பர் கடைசியில் நடந்த திருப்பயணத்தைப் பற்றியது. அருட்தந்தை ஒருவர் உட்பட 34 பேர் போய்வந்தார்கள். அடுத்த குழுவுக்கு உதவும் என்பதால் சரியாக நடந்ததைச் சுருக்கியும், தவறிப் போனதை விரித்தும் எழுதியிருக்கிறேன்.

முதலில் விசா. போர்ச்சுகல், ஸ்பெயின், பிரான்ஸ் மூன்றுமே ஷெங்கன் நாடுகள்; ஒரே விசா போதும். ஆனால் அதை எந்த நாட்டிடம் கேட்பது என்பதில்தான் குழப்பம். அதிக நாள் தங்கும் நாட்டிடம் கேட்க வேண்டும். நாள்கள் சமமாக இருந்தால் முதலில் இறங்கும் நாட்டிடம். முதல் திட்டத்தில் போர்ச்சுகலுக்கு மூன்று இரவும் ஸ்பெயினுக்கு நான்கு இரவும் இருந்தன. பாத்திமாவில் ஓர் இரவு கூட்டி ஸ்பெயினில் ஒன்றைக் குறைத்ததும் விண்ணப்பிக்க வேண்டிய நாடே மாறிவிட்டது. அதற்குள் சிலர் பழைய திட்டத்தை வைத்துப் படிவம் நிரப்பி முடித்திருந்தார்கள். எல்லாவற்றையும் மறுபடி எழுத வேண்டியதாயிற்று. பயணத் திட்டம் முடிவாகும் வரை படிவத்தைத் தொடக்கூடாது என்பது இதில் கற்ற பாடம்.

பயணத் தேதிக்கு ஆறு மாதம் முன்பே விண்ணப்பிக்கலாம். குறைந்தது 15 நாள் முன்பாவது கொடுத்துவிட வேண்டும். முடிவு வர 15 நாள் என்பது கணக்கு, ஆனால் 45 நாள் வரை இழுக்க அவர்களுக்கு விதி இடம் கொடுக்கிறது. நம் குழு மார்ச் கடைசியிலேயே கொடுத்திருக்கலாம். நால்வரின் பாஸ்போர்ட் புதுப்பிக்க வேண்டியிருந்ததால் எல்லோரும் ஜூலை வரை காத்திருந்தோம். ஐரோப்பாவுக்குச் சுற்றுலா போகிறவர்கள் எல்லாம் வரிசையில் நிற்கும் மாதம் அது, அப்பாயின்ட்மென்ட் கிடைப்பதே பெரும்பாடு. இந்தக் காத்திருப்பில் இன்னொரு செலவும் சேர்ந்தது. 2024 ஜூன் 11 முதல் பெரியவர்களுக்கான விசாக் கட்டணம் 80 யூரோவிலிருந்து 90 யூரோவாக உயர்ந்துவிட்டது. பாஸ்போர்ட் பத்து ஆண்டுக்குள் வழங்கப்பட்டதாக இருக்க வேண்டும். திரும்பும் தேதிக்குப் பிறகு குறைந்தது மூன்று மாதம் செல்ல வேண்டும், இரண்டு பக்கமாவது வெறுமையாக இருக்க வேண்டும். புகைப்படம் 35க்கு 45 மில்லிமீட்டர். ஸ்டுடியோவில் "பாஸ்போர்ட் சைஸ்" என்று மட்டும் சொன்னால் வேறு அளவில் கொடுத்துவிடுவார்கள்.

அடுத்தது பெயர். இதைப் போல நம்மவர்களைப் படுத்திய விஷயம் வேறு இல்லை. ஞானஸ்நானப் பெயர் ஒன்று, ஆதாரில் இன்னொன்று, பான் அட்டையில் அப்பா பெயரும் சேர்ந்து மூன்றாவது ஒன்று. ஆரோக்கியமேரி என்பதை ஒரே சொல்லாகவும், ஆரோக்கிய மேரி என்று இரண்டு சொல்லாகவும், ஒரு எழுத்துக் கூடுதலாகவும் எழுதிய மூன்று ஆவணங்கள் ஒரே கையில் இருந்தன. பலருடைய பாஸ்போர்ட்டில் குடும்பப் பெயர்க் கட்டம் காலி. ஆனால் விமான டிக்கெட்டில் அந்தக் கட்டத்தைக் காலியாக விட முடியாது. பயண நிறுவனத்தில் தட்டச்சு செய்தவர் இன்ஷியலை அங்கே போட்டுவிட்டார். பாஸ்போர்ட்டில் அந்த இன்ஷியலே கிடையாது. குடும்பப் பெயர் இல்லாதவர்களுக்கு என்ன போடுவது என்பதில் ஒவ்வொரு விமான நிறுவனமும் ஒரு வழி வைத்திருக்கிறது. அதை டிக்கெட் அடிக்கும் முன் எழுத்தில் கேட்டு வாங்க வேண்டும்; அடித்த பிறகு திருத்தினால் காசு. பாஸ்போர்ட், டிக்கெட், காப்பீடு, ஓட்டல் பதிவு நான்கிலும் எழுத்துக்கு எழுத்து ஒரே பெயர் இருக்கிறதா என்று இரண்டு பேர் உட்கார்ந்து, ஒருவர் வாசிக்க மற்றவர் பார்த்துச் சரிபார்க்க வேண்டும். தனியாகச் சரிபார்த்தால் கண் ஏமாற்றும்.

இருவருக்கு விசா மறுக்கப்பட்டது. இருவருடைய வங்கிக் கணக்கிலும் விண்ணப்பத்துக்குச் சில நாள் முன்பு பெரிய தொகை ஒன்று திடீரென்று வந்து விழுந்திருந்தது. மகன் அன்போடு போட்டதுதான், ஆனால் பார்க்கும் அதிகாரிக்கு அது கடன் வாங்கிக் காட்டிய பணமாகத் தெரியும். மகன் செலவு செய்கிறார் என்றால் அதை மறைக்கத் தேவையில்லை. அவருடைய பொறுப்புக் கடிதம், அவருடைய வங்கிக் கணக்கு, வருமான வரித் தாக்கல், உறவுக்கான சான்று ஆகியவற்றை வைத்தால் போதும். ஓய்வூதியம் வாங்குகிறவர்கள் ஓய்வூதிய ஆணையை இணைக்க வேண்டும். குழுப் பட்டியலோடு பங்குத்தந்தையின் கடிதமும் வைத்தோம். பயணத்தின் நோக்கத்தைச் சொல்ல அது உதவும், பணத்துக்கு அது பதில் ஆகாது.

பணம் பற்றிப் பலர் கேட்டதால் இரண்டு வரி. பயணத் தொகுப்புக்கு 5 சதவீதம் ஜிஎஸ்டி. அது போனது போனதுதான். அதற்கு மேல், ஆண்டுக்கு 7 லட்சம் வரை 5 சதவீதம் டிசிஎஸ், அதாவது பயண நிறுவனமே முன்கூட்டி வசூலிக்கும் வருமான வரி, பிடித்தார்கள். அது பான் எண்ணில் வரவாக 26ஏஎஸ் என்ற வரிக் கணக்குப் படிவத்தில் தெரியும், வருமான வரித் தாக்கல் செய்தால் திரும்ப வாங்கலாம். வரி கட்டும் அளவு வருமானம் இல்லை என்று தாக்கலே செய்யாத மூத்தவர்கள்தான் அதை இழக்கிறார்கள். இந்த வரி விகிதங்கள் பட்ஜெட்டுக்கு பட்ஜெட் மாறுகின்றன, அடுத்த குழு புதிதாகக் கேட்டுக்கொள்ள வேண்டும். தமிழக அரசின் மானியம் இதற்கும் உண்டா என்று ஒவ்வொரு கூட்டத்திலும் ஒரு கை உயர்கிறது. அது ஜெருசலேம் புனிதப் பயணத்துக்கு மட்டும். லூர்துக்கும் பாத்திமாவுக்கும் இல்லை.

காப்பீடு குறைந்தது 30,000 யூரோவுக்கு இருக்க வேண்டும் என்பது விசா விதி. சர்க்கரை, ரத்த அழுத்தம் இருப்பதை மறைத்து எடுத்த பாலிசி, அந்த நோய்க்கே ஆஸ்பத்திரியில் சேர்ந்தால் கை கொடுக்காது. மாத்திரைகள் கைப்பையில்தான் இருக்க வேண்டும். இன்சுலினைப் பெட்டியில் போட்டு விமானத்தின் அடியில் அனுப்பினால் உறைந்து கெட்டுவிட வாய்ப்புண்டு. மருந்துச் சீட்டில் மருந்தின் பொதுப் பெயர் எழுதியிருக்க வேண்டும். நம் ஊர் பிராண்ட் பெயர் அங்குள்ள மருந்துக் கடைக்காரருக்குப் புரியாது.

சாப்பாடு. இறைச்சியும் பால் பொருளும் ஐரோப்பாவுக்குள் கொண்டுபோகக் கூடாது. நெய், பால்கோவா இரண்டும் இதில் அடங்கும். பச்சைக் கறிவேப்பிலைக்கும் சான்றிதழ் கேட்பார்கள். இட்லிப்பொடி, புளிக்காய்ச்சல், ஊறுகாய்க்குத் தடை இல்லை. கருவாட்டைக் கூட விதி தடுக்கவில்லை, ஓட்டல்காரர் தடுப்பார். அறையில் சிறிய குக்கர் வைத்துக் கஞ்சி காய்ச்சியதில் புகை எச்சரிக்கை மணி அடித்து, அந்தத் தளமே வெளியே வந்து நின்றது. குக்கர் இனி வேண்டாம்.

பாத்திமாவில் மூன்று இரவு தங்கியது நல்ல முடிவு. 1917 மே 13 முதல் அக்டோபர் 13 வரை லூசியா, பிரான்சிஸ்கோ, ஜசிந்தா மூவருக்கும் மாதா காட்சி கொடுத்த இடத்தில் நிற்கும் சிற்றாலயம்தான் மையம். இரவு 9.30க்கு அங்கே பல மொழிகளில் செபமாலை, அதைத் தொடர்ந்து மெழுகுதிரிப் பவனி. மூன்று இரவு இருந்ததால், முதல் நாள் பயணக் களைப்பில் படுத்தவர்களும் மறுநாள் பவனிக்குப் போக முடிந்தது. மே முதல் அக்டோபர் வரை ஒவ்வொரு மாதமும் 12, 13 தேதிகளில் கூட்டம் அலைமோதும். அறை வாடகையும் அப்படியே. நம் குழு அந்தத் தேதிகளைத் தவிர்த்தது.

சிற்றாலயத்தை நோக்கி முழங்காலில் போவதற்கென்றே வழவழப்பான கல் பாதை ஒன்று திடலில் நீண்டு இறங்குகிறது. வேளாங்கண்ணியில் மணலில் முழங்காலிட்டுப் போய்ப் பழகியவர்கள் அதே நினைப்பில் இறங்கிவிட்டார்கள். மணல் உடம்பின் எடைக்கு இடம் கொடுக்கும், கல் கொடுக்காது. பாதி வழியிலேயே இரண்டு பேருக்கு முட்டி வீங்கியது. துண்டை நான்காக மடித்துக் கட்டிக்கொண்டவர்கள் முடித்தார்கள். முட்டி மாற்று அறுவை செய்தவர்கள் நடந்தே போகலாம். யாரும் கணக்குப் பார்ப்பதில்லை.

பாத்திமாவிலிருந்து லூர்து சாலை வழியாகச் சுமார் ஆயிரம் கிலோமீட்டர். வழியில் ஸ்பெயினின் சாலமான்காவிலும் புர்கோஸிலும் ஒவ்வோர் இரவு தங்கினோம். நம் ஊர் வேன் டிரைவரிடம் பேசுவதுபோல "இன்னும் ஒரே ஒரு இடம்" என்று அங்கே கேட்க முடியாது. நான்கரை மணி நேரம் ஓட்டினால் 45 நிமிடம் ஓய்வு கட்டாயம். ஒரு நாளில் ஓட்டுவது 9 மணி நேரம். வாரத்தில் இரண்டு நாள் மட்டும் 10. வண்டியில் உள்ள கருவி நிமிடம் தவறாமல் பதிகிறது, மீறினால் அபராதம். அதற்கு மேல் கடிகாரக் குழப்பம் வேறு: போர்ச்சுகலை விட ஸ்பெயின் ஒரு மணி நேரம் முன்னால். செல்போன் தானே மாறிக்கொண்டது, கைக்கடிகாரம் மாறவில்லை. சாலமான்காவில் ஐந்து பேருக்காக வண்டி முக்கால் மணி நேரம் நின்றது.

லூர்துக்குப் போன நாள்தான் இந்தப் பயணத்தின் பெரிய குறை. புர்கோஸ் பேராலயத்தைப் பார்த்துவிட்டுக் கிளம்ப மதியம் தாண்டிவிட்டது. 400 கிலோமீட்டர், ஓய்வு நேரம், கடை நிறுத்தம் எல்லாம் சேர்ந்து ஓட்டலைத் தொட்டபோது இரவு 9 மணி; பவனி தொடங்கும் நேரமும் அதுவே. லூர்துக்கு ஒதுக்கிய இரண்டு இரவில் ஒன்று இப்படிப் போயிற்று. 1858இல் பெர்னதெத்துக்கு மாதா 18 முறை காட்சி கொடுத்த மசபியேல் கெபி என்ற பாறைக் குகைக்கு முன்னால் அமைதியாக உட்கார ஒரே ஒரு பகல்தான் மிஞ்சியது. பயண நிறுவனங்கள் ஊர்களின் எண்ணிக்கையைக் காட்டித்தான் தொகுப்பை விற்கின்றன. நாமும் அதைப் பார்த்துத்தான் வாங்கினோம். ஸ்பெயினில் மூன்று இரவைக் கொடுத்துவிட்டு லூர்தில் அவசரப்பட்டது செயற்குழுவின் தவறு.

தீர்த்தக் குளியலுக்கு என்றே வந்த மூத்தவர்கள் ஏமாறக் கூடாது என்பதற்காக இதைச் சொல்கிறேன்: கொரோனாவுக்குப் பிறகு உடல் முழுவதும் முழுகுவது எல்லா வேளையிலும் கிடைப்பதில்லை. பணியாளர் ஊற்றும் நீரில் கையும் முகமும் கழுவி, அள்ளிக் குடிப்பதே வழக்கமாக நடக்கிறது. ஊற்றில் குடித்துக் கழுவிக்கொள் என்றுதான் பெர்னதெத்திடம் மாதாவும் சொன்னது. கெபிக்கு அருகே உள்ள குழாய்களில் தீர்த்தம் இலவசம், காசு பாட்டிலுக்கு மட்டும்.

அந்த பாட்டிலைப் பற்றியும் சொல்ல வேண்டும். கடைகளில் விற்கும் மாதா உருவ பாட்டிலுக்கு நீலக் கிரீடம்தான் மூடி. பெட்டிக்குள் துணி அழுத்தினாலே அது கழன்றுவிடுகிறது. சென்னையில் திறந்த பெட்டிகளில் மூன்று நனைந்திருந்தன. கிரீடத்தைக் கழற்றி, வாயில் மெல்லிய பிளாஸ்டிக் தாளை இரண்டு மடிப்பு வைத்து, பாட்டிலை லேசாக அமுக்கிக் காற்றை வெளியேற்றியபடியே இறுக்கித் திருக வேண்டும். உள்ளே காற்று நின்றால் வானத்தில் அது விரிந்து மூடியைத் தள்ளும். பிறகு டேப் சுற்றி, ஜிப் பையில் போட்டு, பெட்டியின் நடுவில் நிற்க வைக்க வேண்டும். கைப்பையில் 100 மில்லிக்கு மேல் விடமாட்டார்கள். ஐந்து லிட்டர் என்றால் 23 கிலோவில் ஐந்து கிலோ போயிற்று என்று அர்த்தம்.

லூர்துப் பவனியின் மெழுகுதிரியைச் சுற்றிய காகிதக் கூண்டிலேயே பாட்டு அச்சாகியிருக்கிறது. "ஆவே" வரும்போது எல்லோரும் திரியைத் தூக்குவார்கள். சாய்த்துத் தூக்கினால் காகிதம் பற்றிக்கொள்ளும், நேராகத் தூக்க வேண்டும். சக்கர நாற்காலிக்காரர்கள் முன்னால் போவார்கள், அவர்களோடு நம்மில் ஒருவர் கட்டாயம் இருக்க வேண்டும். பிரனீஸ் மலையடிவாரம் என்பதால் மழை எப்போது வேண்டுமானாலும் வரும். கூட்டத்தில் குடை பக்கத்தில் இருப்பவர் கண்ணைக் குத்தும், தலையோடு போடும் மழைக்கோட்டு நல்லது.

தமிழ்த் திருப்பலிக்கு இரண்டு திருத்தலங்களிலும் முன்பதிவு வேண்டும், உடன் வரும் குருவிடம் அவர் திருப்பலி நிறைவேற்றத் தகுதியுள்ள குரு என்று சான்று சொல்லும் ஆயர் இல்லத்தின் செலப்ரெத் கடிதம் இருக்க வேண்டும். ஒதுக்கிய நேரம் முடியும்போது அடுத்த குழு வாசலில் நிற்கும். ஆகவே பாடல்கள் நான்கு போதும், பிரதி எடுத்துக் கையோடு கொண்டுபோக வேண்டும்.

ஒருவர் பாஸ்போர்ட்டைத் தொலைத்து, ஸ்பெயினின் சரகோசாவில் ஓட்டலின் தலையணை உறைக்குள் அதைக் கண்டுபிடித்தார். உண்மையிலேயே தொலைந்திருந்தால் உள்ளூர் காவல் நிலையப் புகார், மாத்ரித்தில் உள்ள இந்தியத் தூதரகம், அவசரச் சான்றிதழ் என்று அலைந்து, நேரே இந்தியா திரும்ப வேண்டியதுதான். நகலைச் செல்போனிலும் இன்னொருவர் பையிலும் வைத்துக்கொள்ளுங்கள்.

அடுத்த பயணத்துக்குச் செயற்குழு முன்வைக்கும் தீர்மானங்கள் இவை. பாத்திமாவில் மூன்று இரவு, லூர்தில் நான்கு இரவு. இடையில் பேருந்துக்குப் பதில் லிஸ்பனிலிருந்து துலூஸ் வரை விமானம், அங்கிருந்து இரண்டு மணி நேரச் சாலைப் பயணம். இந்தக் கணக்கில் விசாவைப் பிரான்சிடம் கேட்க வேண்டிவரும். பெயர் கொடுப்பவர்கள் பாஸ்போர்ட், ஆதார், பான் நகல்களை முன்பணத்தோடு சேர்த்தே கொடுக்க வேண்டும். பெயர் ஒத்துப் போகாதவர்கள் திருத்திய பிறகே பட்டியலில் சேர்வார்கள். 70 வயதைக் கடந்தவர்கள் மருத்துவரின் கடிதத்தோடு உடன் ஒருவரை அழைத்துவர வேண்டும். இவற்றைச் சபை விவாதித்து ஏற்கும்படி கேட்டுக்கொள்கிறேன்.

செயலாளர்