பழம் அழுகும் வரை பேசுகிறவர்கள்

அன்புள்ள கண்ணு,

உன் நீண்ட மெயில் வந்தது. போனில் சொன்னால் அம்மா பதறுவாள் என்று எழுத்தில் அனுப்பியிருக்கிறாய். படித்தும் பதறினேன், அது வேறு விஷயம். நீ வேலை பார்க்கிற கென்யாவில், 2024-இல் பிள்ளைகள் தெருவுக்கு வந்து போராடிய அந்த ஜூன் 25 மறுபடி வருகிறது, ஃபேக்டரியில் பாதிப் பேர் லீவு கேட்கிறார்கள், பிஷப்புகளும் இமாம்களும் பெரிய மனிதர்களும் டிவியில் உட்கார்ந்து "பேசித் தீர்த்துக்கொள்ளுங்கள்" என்கிறார்கள், கேட்கவே எரிச்சலாக இருக்கிறது என்கிறாய். கடைசியில் ஒரு வரி: "அப்பா போய் வந்த கலெக்டர் ஆபீஸ் கூட்டம்தான் ஞாபகம் வருது." அந்த ஒரு வரிக்காகத்தான் இவ்வளவு பெரிய பதில்.

போன வருஷ சீசனில் நீ ஊரில் இல்லை. நடந்ததை உனக்கு அரைகுறையாகத்தான் சொல்லியிருக்கிறோம். பெங்களூரா மாமரமெல்லாம் கிளை முறியக் காய்த்துக் கிடந்தது. மாங்கூழ் ஆலைக்காரர்கள் விலையைச் சொல்லவே இல்லை. விவசாயிகள், ஆலைக்காரர்கள், அதிகாரிகள் என்று முத்தரப்புக் கூட்டம் போட்டார்கள். அப்பா வெள்ளைச் சட்டை போட்டுக்கொண்டு போனார். ஆலைக்காரர்கள் குரலை உயர்த்தவே இல்லையாம். "பழைய கூழே விற்காமல் கிடக்கு, முதலாளிகளிடம் கலந்து பேசிட்டுச் சொல்றோம்" என்றார்களாம். டீ வந்தது, பிஸ்கட் வந்தது, அடுத்த கூட்டத்துக்குத் தேதி வந்தது. விலை மட்டும் வரவில்லை.

கூழ் டப்பாவில் வருஷக்கணக்கில் கிடக்கும். மரத்தில் பழுத்த காய் எத்தனை நாள் கிடக்கும்? இரண்டாவது கூட்டத்துக்குள் நம் தோப்பில் கால்வாசி கீழே கொட்டிவிட்டது. மிச்சத்தைக் கிலோ 5 ரூபாய்க்குக் கொடுத்தோம். பறிகூலியும் வண்டி வாடகையும் போக என்ன நின்றது என்று அப்பா இன்று வரை சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை. சிலர் டிராக்டரோடு கொண்டுபோய் ரோட்டில் கொட்டினார்கள். அதைப் படம் பிடித்துப் போட்டவர்கள், "போராட்டம் வேண்டாம், பேச்சுவார்த்தை நடக்கிறதே" என்று கீழே அறிவுரையும் எழுதினார்கள். எனக்கு அன்று வந்த கோபம் உனக்கு இன்று வருகிற கோபம்தான்.

ஆனாலும் கண்ணு, கூட்டம் போட்டது தப்பு என்று நான் நினைக்கவில்லை. ஒரு பக்கத்துக்கு அவசரம், இன்னொரு பக்கத்துக்கு அவசரமே இல்லை. அப்படிப்பட்ட இருவரை எதிரெதிரே உட்கார வைத்து "சமமாகப் பேசுங்கள்" என்றால் காத்திருக்க முடிந்தவன் ஜெயிப்பான். நடுவில் இருக்கிறவருக்கு மனசாட்சி இருந்தால் காத்திருக்க முடிந்தவனைத்தான் முதலில் நெருக்க வேண்டும். அதைச் செய்யாமல் இரண்டு பக்கத்தையும் பார்த்துச் சிரிக்கிறவர், தெரிந்தோ தெரியாமலோ, ஒரு பக்கத்து ஆள்தான்.

உங்கள் ஊர்ப் பிள்ளைகள் 2024-இல் பேச்சுக்கு வர மாட்டோம் என்றது இதனால்தான் என்று எனக்குத் தோன்றுகிறது. வரி மசோதா வேண்டாம் என்று தெருவுக்கு வந்தார்கள். ஜூன் 25 அன்று பாராளுமன்றத்துக்குள்ளேயே கூட்டம் புகுந்தது, போலீஸ் சுட்டது. மறுநாள் ஜனாதிபதி மசோதாவில் கையெழுத்துப் போட மாட்டேன் என்று சொல்லி, எல்லாத் தரப்பும் உட்கார்ந்து பேசலாம் என்றார். அந்தப் போராட்டங்களில் 60 பேர் செத்ததாக அந்த நாட்டு மனித உரிமை ஆணையமே கணக்குச் சொன்னது. கடத்திக்கொண்டு போகப்பட்டவர்களில் பலர் அப்போது வீடு திரும்பவில்லை. சுட்டவன் யார் என்று சொல்லாமல், பிடித்துப்போனவனை விடாமல், வா பேசலாம் என்றால் எந்தப் பிள்ளை வரும்? 2025-இல் அதே நாளில் செத்தவர்களை நினைக்கப் போன இடத்திலும் மறுபடி பத்துக்கும் மேற்பட்டோர் செத்தார்கள்.

ஆனால் அந்த மண்ணிலேயே இதைச் சரியாகச் செய்து காட்டியவர்களும் இருக்கிறார்கள். நீ அங்கே போனபோது அந்த நாட்டைப் பற்றிக் கிடைத்ததையெல்லாம் தேடித் தேடிப் படித்தேன், வாத்தியார் புத்தி. டேக்கா இப்ராஹிம் அப்தி என்று ஒரு பெண். வடகிழக்கில் வஜீர் என்கிற வறண்ட ஊர்க்காரர், சோமாலி முஸ்லிம். 1992 வாக்கில் அங்கே குலச்சண்டை. ஒரு ராத்திரி குண்டுச் சத்தத்துக்குப் பயந்து கைக்குழந்தையோடு கட்டிலுக்கடியில் படுத்திருந்தாராம். விடிந்ததும் அவருடைய அம்மா, "உன்னையும் குழந்தையில் இப்படித்தான் வைத்துக்கொண்டு கிடந்தேன்" என்றாராம். பாட்டி, மகள், பேத்தி மூன்று பேருக்கும் அதே கதிதானா என்று அந்தப் பெண் கேட்டுக்கொண்டது எனக்குள் ரொம்ப நாள் ஓடியது.

அவர் மேடை போட்டு அமைதி பேசவில்லை. சந்தைக்குப் போனார். ஒரு குலத்துப் பெண் கொண்டுவந்த பாலை இன்னொரு குலத்தார் வாங்கக் கூடாது, விற்கவும் கூடாது என்று இருந்தது. பெண்கள் சேர்ந்து, சந்தையில் யாரும் யாரிடமும் வாங்கலாம் விற்கலாம் என்று வைத்து, அதை மீறுகிறார்களா என்று தாங்களே கண்காணித்தார்கள். அப்புறம்தான் பெரியவர்களைக் கூப்பிட்டார்கள். அந்தப் பெரியவர்களும் தங்கள் சார்பில் பேச யாரை வைத்தார்கள் தெரியுமா? சண்டையில் இல்லாத, இருப்பதிலேயே சின்னக் குலத்து ஆளை. 1993-இல் உடன்பாடு எழுதினார்கள். நம் ஊர்ப் பஞ்சாயத்தில் இப்படி ஒருவரை நடுவில் உட்கார வைப்பார்களா, நீயே யோசித்துப் பார்.

2007 டிசம்பர் தேர்தலில் முடிவைச் சொன்ன கையோடு பொழுது சாயும் நேரத்தில் ஜனாதிபதி கிபாகி அவசர அவசரமாக மறுபடி பதவி ஏற்றார். எதிர்க்கட்சி அந்த முடிவை ஏற்கவில்லை, நாடு பற்றி எரிந்தது. ஆயிரத்துக்கும் மேற்பட்டோர் செத்தார்கள், லட்சக்கணக்கானோர் வீடு விட்டு ஓடினார்கள். புத்தாண்டு அன்று எல்டோரெட் பக்கம் கியம்பா என்கிற ஊரில், ஒளிந்துகொள்ளச் சர்ச்சுக்குள் ஓடிய பெண்களையும் குழந்தைகளையும் வெளியே விடாமல் தீ வைத்தார்கள். அந்த நாட்களில்தான் டேக்காவும் இன்னும் நான்கு பேரும் சேர்ந்து, அமைதிக்கு அக்கறை கொண்ட குடிமக்கள் என்ற பெயரில் ஒரு குழு தொடங்கினார்கள். இருவர் ஓய்வுபெற்ற ஜெனரல்கள்: சூடான் சமாதானத்தை முடித்து வைத்த சும்பெய்வோ ஒருவர், வெளிநாடுகளில் ஐ.நா. அமைதிப் படையில் இருந்த ஓபாண்டே இன்னொருவர். கூட கிப்லகாட் என்ற தூதர், வச்சிரா என்ற சமாதானப் பணியாளர். தினமும் காலையில் ஒரு ஓட்டலில் கதவைத் திறந்து வைத்து, யார் வேண்டுமானாலும் வந்து பேசலாம் என்றார்கள்.

ஜனவரி கடைசியில் ஐ.நா.வின் முன்னாள் பொதுச் செயலர் கோஃபி அன்னான் நடுவராக வந்தார். அவர் பேச்சுவார்த்தையை நான்கு தலைப்பாகப் பிரித்த விதம் எனக்குப் பிடித்தது. முதலில் அடிதடியை நிறுத்துவது, அடுத்து வீடிழந்தவர்களுக்கு வேண்டியதைச் செய்வது. அதற்குப் பிறகுதான் நாற்காலி யாருக்கு என்கிற பேச்சு. நிலம், வறுமை, வேலையின்மை என்கிற பழைய புண்கள் கடைசியில். காத்திருக்க முடியாதவனின் காரியத்தை முன்னால் வைத்தார், பார். பிப்ரவரி 28 அன்று கிபாகியும் எதிர்க்கட்சித் தலைவர் ஒடிங்காவும் கையெழுத்துப் போட்டார்கள். கடைசித் தலைப்பு கடைசியாகவே கிடக்கிறது, அதுவும் உண்மை. அதனால்தான் இன்றைக்கும் பிள்ளைகள் தெருவில் நிற்கிறார்கள்.

இதில் சர்ச்சுகள் எங்கே என்று கேட்பாய். அப்போது அவர்களுக்குப் பேச வாயில்லை. மேய்ப்பர்களே ஆளுக்கொரு கட்சி பிரித்து, சொந்த இனத்துக்காரனுக்கு ஓட்டுக் கேட்டிருந்தார்கள். 2008 பிப்ரவரியில் கென்யத் திருச்சபைகளின் தேசிய மன்றம் நாங்கள் பக்கம் சாய்ந்துவிட்டோம் என்று வெளிப்படையாக ஒப்புக்கொண்டது. நீ நம்ப மாட்டாய், அந்த வாக்குமூலத்துக்காகவே எனக்கு அவர்கள் மேல் கொஞ்சம் மரியாதை. நம் பக்கம் இப்படி எவராவது ஒப்புக்கொண்டு கேட்டிருக்கிறாயா? 2012 நவம்பர் 7 அன்று தர்மபுரியில் நத்தம், கொண்டம்பட்டி, அண்ணாநகர் காலனிகளில் 250-க்கும் மேற்பட்ட வீடுகளைக் கொளுத்தினார்கள். ஒரு பெண்ணும் பையனும் ஜாதி மாறிக் கல்யாணம் செய்துகொண்டார்கள் என்று. அதற்கப்புறம் அமைதி, நல்லிணக்கம் என்று எத்தனை பேர் பேசினார்கள்! வீடு எரிந்தவனிடம் போய் அமைதி காக்கச் சொல்வதற்குப் பெரிய மனசெல்லாம் வேண்டியதில்லை. கொளுத்தினவன் தெருவில் போய், அவன் வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்து சொல்ல வேண்டும். அதற்கு ஆள் தேடினால் கிடைக்காது.

உன் பிஷப்புகளை ஒரேயடியாகத் தள்ளிவிடாதே என்பதற்கும் காரணம் இருக்கிறது. 2024 நவம்பரில் கத்தோலிக்க ஆயர்கள் அரசாங்கத்தைப் பொய் சொல்கிறீர்கள் என்று நேராகவே சாடினார்கள். சில நாளில் ஜனாதிபதி நைரோபியில் ஒரு கத்தோலிக்கச் சர்ச்சுக்கு லட்சக்கணக்கில் பணம் கொடுத்தார். பேராயர் அலுவலகம் அது வேண்டாம், திருப்பிக் கொடுத்துவிடுகிறோம் என்று அறிவித்தது. பிள்ளைகள் அதற்கு முன்னாலேயே, அரசியல்வாதியின் பணத்தை வாங்காதே என்று சர்ச் வாசலில் நின்று கேட்டிருந்தார்கள். அந்த நெருக்கடி இல்லாமல் இப்படிச் சொல்லியிருப்பார்களா தெரியாது. எப்படியோ சொன்னார்கள். இனிமேல் டிவியில் யாராவது சமாதானம் பேசினால் அவர் யார் வீட்டில் சாப்பிட்டுவிட்டு வந்து பேசுகிறார் என்று மட்டும் பார். வெறும் வயிற்றோடு வந்திருந்தால் காது கொடு.

இப்போது உன் விஷயம். 25-ஆம் தேதி வராதவர்களுக்கு ஒரு நாள் சம்பளம் பிடிக்கச் சொல்லி மேலிடத்தில் சொன்னதாக எழுதியிருக்கிறாய். லிஸ்ட்டை நீதான் போட வேண்டும், மனசு கேட்கவில்லை என்கிறாய். அந்தப் பேக்கிங் பிரிவுப் பையனின் தம்பி இறந்ததைப் பற்றி நீ முன்பே எழுதியிருக்கிறாய். அவனிடம் போய் "அமைதியாக இருப்பா" என்று மட்டும் சொல்லிவிடாதே. அதைச் சொல்கிற உரிமை உனக்கும் இல்லை, எனக்கும் இல்லை. முதலாளியிடம் பேசு. ஒரு நாள் ஷிப்ட் போனால் அவருக்கு ஆர்டர் இரண்டு நாள் தள்ளும், அவ்வளவுதான். அந்தப் பையனுக்கு ஒரு நாள் கூலி போனால் என்ன ஆகும் என்று நீ பார்த்திருக்கிறாய். லீவு கேட்டவர்களுக்கு ஞாயிற்றுக்கிழமை மாற்று வேலை கொடுக்கலாம் என்று எழுதிக் கொடு. அவர் ஒத்துக்கொள்ளாவிட்டால் லிஸ்ட்டை வேறு யாராவது போடட்டும் என்று சொல்லிப் பார். வேலை போகும் அளவுக்கு மோத வேண்டாம், வெளிநாட்டுக்காரன் நீ, பர்மிட் அவர் கையில் இருக்கிறது. எதுவரை போகலாம் என்று உனக்குத் தெரியும்.

நீ அன்றைக்குத் தெருவுக்குப் போக வேண்டாம். ஆசை இருக்கும், தெரியும். அது அவர்கள் நாடு, அவர்கள் கணக்கு. அரிசி, தண்ணீர், மருந்து மூன்று நாளைக்கு வாங்கி வை. பாஸ்போர்ட்டைக் கையெட்டும் இடத்தில் வை. உன் வீட்டுக்கு வேலைக்கு வருகிற அம்மாவை முந்தின நாளே அனுப்பிவிடு, இரண்டு நாள் கூலியும் சேர்த்துக் கொடுத்து. வரும் 2027 ஆகஸ்ட் தேர்தல் சமயத்தில் லீவு எடுத்து ஊருக்கு வந்துவிட முடியுமா என்று இப்போதே கேட்டு வை.

அப்பா இந்த வருஷமும் முத்தரப்புக் கூட்டத்துக்குப் போகிறார். வேண்டாம் என்றுதான் சொன்னேன். "நான் போகலேன்னா அவங்க மட்டும்தானே பேசுவாங்க" என்று சட்டைக்கு இஸ்திரி போடச் சொன்னார். இந்த முறை பக்கத்து ஊர்க்காரர்களையும் சேர்த்து நாற்பது பேராகப் போகிறார்களாம், விலை சொல்லும் வரை எழுந்திருப்பதில்லை என்று பேச்சு. என்ன ஆனது என்று சாயந்திரம் போனில் சொல்கிறேன்.

லிஸ்ட் விஷயம் என்ன ஆனதென்று நீயும் எழுது.

உன்
அம்மா
கிருஷ்ணகிரி